இரட்டைத் தலை ஒயர்

இரண்டரை ஆகிவிட்டது. நாலு மணிக்கு ரெஜினா வந்துவிடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘ரெக்கார்டு கிடைச்சுதா ஆன்ட்டி’ என்று கேட்பாள், நான் என்ன சொல்வேன், கிடைத்தும் கிடைக்காத மாதிரிதான் இருக்கிறதம்மா என்றா? மேசை மேல்தான் இருக்கிறது அந்த ஹார்ட் டிஸ்க், கறுப்பாக, சோப்பு டப்பா அளவுக்கு, தொட்டால் இலேசான சூடு, நீல விளக்குகூட எரிகிறது. உள்ளே இவருடைய குரல் இருக்கிறது, ஒன்றிரண்டு நாள் குரல் அல்ல, பதினைந்து வருஷக் குரல். ஆனால் மகள் சங்கவி பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய இந்தப் புது லேப்டாப்புக்கு அதைத் திறந்து காட்ட மனசில்லை. பரீட்சை அட்டை மாதிரி மெலிசு, எடை இல்லை, விலை மட்டும் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் இரண்டு பக்கமும் ஓட்டை, எதைச் செருகினாலும் வாங்கிக்கொள்ளும். இதில் மொத்தமே இரண்டு, அதுவும் கொண்டை ஊசி நுழைகிற அளவுக்கு. ஒன்றைச் சார்ஜர் பிடித்துக்கொண்டால் மிச்சம் ஒன்று. டிஸ்க்கின் அகலத் தலை அதில் எப்படி நுழையும்? நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, அதற்காக இரண்டு தடவை சிங்காரத்தோப்புக் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறியாயிற்று. முதலில் வாங்கியது சார்ஜுக்கு மட்டும்தானாம். ‘டேட்டா போகாதுங்க மேடம், நீங்க கேக்கவே இல்லையே’ என்றார் கடைக்காரர். கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்கத் தெரிந்தவர் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரால் இப்போது எதையும் கேட்க முடியாது, சொல்லவும் முடியாது.

போன மாசியில் குளித்துவிட்டு வந்து பனியனை மாட்டிக்கொண்டே சரிந்தார். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, கால் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது, இழுத்து இழுத்து நடக்கிறார், பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. பொறு. பசித்தால் பொறு, தண்ணீர் வேண்டுமென்றால் பொறு, ஃபேனை நிறுத்தச் சொல்வதும் பொறுதான், சங்கவி போனில் ‘அப்பா எப்படிப்பா இருக்க’ என்றால் கண் கலங்கி அதற்கும் பொறு. பதினோரு மாசமாகக் கேட்கிறேன், ஒரு நாள் கோபத்தில் நானே கத்திவிட்டேன், இன்னும் எவ்வளவுதாங்க பொறுக்கிறது என்று, அதற்கும் அதே பதில் வந்தது, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், சிரித்து முடித்ததும் நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். வார்த்தையெல்லாம் உள்ளேயேதான் இருக்கு ஆன்ட்டி, வர்ற வழிதான் அடைபட்டிருக்கு என்கிறாள் ரெஜினா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் வருகிறாள், சின்னப் பெண், பொறுமைசாலி. ஒன்று இரண்டு மூன்று சொல்ல வைத்துப் பார்த்தாள், ஞாயிறு திங்கள் சொல்ல வைத்துப் பார்த்தாள், சாமி பாட்டு பாடிப் பார்த்தாள், இவருக்கும் சாமிக்கும் என்றைக்குப் பேச்சுவார்த்தை இருந்தது? ஒன்றும் ஒட்டவில்லை. போன வாரம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ‘அங்கிள் வீட்டுல அடிக்கடி சொல்ற வாக்கியம் என்ன ஆன்ட்டி? யோசிக்காம வாய் தானா சொல்லுமே, அந்த மாதிரி ஒண்ணு. பொறுவுக்கு அப்புறம் என்ன வரும்?’ நான் வாயைத் திறந்தேன்.

முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன், இவர் சொன்ன ஒரு முழு வாக்கியம் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது. இவர் வாங்கிய பொருள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது, எந்த வருஷம் எந்தக் கடை என்பதுவரை, ரிப்பேர் பார்த்த மிக்ஸி, கிரைண்டர், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பேச்சு ஞாபகம் இல்லை. ஏனென்றால் பேசினது எல்லாம் நான். பள்ளிக்கூடத்தில் எட்டு பீரியடு கெமிஸ்ட்ரி பேசிவிட்டு வந்து வீட்டில் ஒன்பதாவது பீரியடு. இவர் பொறு என்று ஆரம்பிப்பார், அதற்குள் எனக்கு அவசரம், மிச்சத்தை நானே சொல்லி முடித்துவிடுவேன், இல்லையென்றால் எழுந்து போய்விடுவேன். அந்த மிச்சத்தைத்தான் இப்போது ரெஜினா கேட்கிறாள். நான் எங்கே போவேன். அவள் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. ஒரு கவரை ஷோகேஸ் மேல் வைத்துவிட்டுப் போனாள், உள்ளே படப் பலகை, டம்ளர், சோற்றுத் தட்டு, ஃபேன், கக்கூஸ், வலிக்கிற மூஞ்சி, சிரிக்கிற மூஞ்சி. ‘பழைய ரெக்கார்டு இருந்தா வெள்ளிக்கிழமை அதை வச்சு ஒரு தடவை முயற்சி பண்ணலாம் ஆன்ட்டி. இல்லேன்னா இதுக்குப் பழக்கிடலாம். பாவம், அவருக்கும் அலுத்துப்போச்சு.’ இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கவர் அங்கேயே இருக்கிறது, நான் இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் அப்புறம் இந்த வீட்டில் விரலை நீட்டுவதுதான் பேச்சு. நான் ஒருத்தியே பேசிக்கொண்டிருக்க வேண்டும், முன்னேயும் அப்படித்தானே இருந்தது என்றால், இல்லை, முன்னே எதிரில் ஒருவர் பேசக் காத்திருந்தார்.

மறுபடியும் பிடுங்கிச் செருகினேன். டிங்டாங். நீல விளக்கு. டிக், டிக், டிக், உள்ளே யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. மறுபடியும் டிங்டாங், போய்விட்டது. இந்த அடாப்டர் கெட்டது என்றும் சொல்ல முடியாது, மௌஸைச் செருகினேன், வேலை செய்தது, பென் டிரைவைச் செருகினேன், சங்கவி கல்யாணப் பத்திரிகை திறந்தது, இந்த டிஸ்க் மட்டும் வந்து வந்து போகிறது. ஊதினேன். முந்தானையால் துடைத்தேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் போட்டேன், அங்கேயும் அதே டிக் டிக். ரீஸ்டார்ட் கொடுத்தேன், அது பாட்டுக்கு இருபது நிமிஷம் அப்டேட் என்று சுற்றிற்று. சங்கவிக்குப் போன் போட்டேன். ‘அம்மா மீட்டிங்ல இருக்கேன், ரீஸ்டார்ட் பண்ணியா? அடாப்டரை மாத்திப் பாரு. இதெல்லாம் அப்பா க்ளவுட்ல போட்டிருக்கலாம்ல?’ க்ளவுடாவது ஒன்றாவது. உங்கப்பா கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் சாமானை வைக்கிற ஆளா? ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் தேதி. ஒயரின் இந்த முனையில் ஒரு தலை, அது டிஸ்க்குக்குள் போகிறது, அந்த முனையில் இரண்டு தலை, பாம்பு நாக்கு மாதிரி பிளந்து. ஒன்றைச் செருகினால் இன்னொன்று தொங்கிக்கொண்டு கண்ணை உறுத்தும். பழைய லேப்டாப் கார்த்திகையில் உயிரை விட்டபோது மேசையை ஒழித்தேன் இல்லையா, அப்போது அந்த உபரித் தலையை மடக்கி ஒயரோடு சேர்த்துப் பூக்கட்டுகிற நூலால் கட்டிவிட்டேன். இப்போது பார்க்க இலட்சணமாக இருக்கிறது. ஒரு தலை உடைந்தால் இன்னொன்று என்று கம்பெனிக்காரன் வைத்திருப்பான் போல, சட்டையில் உபரிப் பொத்தான் தைத்துத் தருகிறார்களே அதைப் போல. பழைய லேப்டாப்பில் இவரே செருகுவார், நான் இவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு தலையிலும் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். உபரித் தலையில் ஒரு புள்ளி, நான் செருகுகிற தலையில் இரண்டு, ஒன்று வைக்கப் போய்க் கை தவறி இன்னொன்று சிந்தியிருக்கும்.

அந்தப் புள்ளி என் நெய்ல் பாலிஷ். நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, டீச்சர் நகத்தில் சாயம் பூசிக்கொண்டு போனால் பிள்ளைகள் என்ன சொல்லும் என்று பீரோவில் போட்டுவிட்டேன். அதை வெளியே எடுத்தவர் இவர்தான். தொண்ணூற்றெட்டில் முதல் கம்ப்யூட்டர் வந்தது. தொழிற்சாலையில் போனஸ் போட்ட வாரம், இரண்டு பெரிய அட்டைப் பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கிற்று, தெருவே வந்து பார்த்தது, எதிர்வீட்டு அலமேலு அக்கா ‘இதுல படம் ஓடுமா’ என்று கேட்டாள். பின்பக்கம் ஊதா ஓட்டையில் கீபோர்டு, பச்சை ஓட்டையில் மௌஸ், நான் அவசரத்தில் மாற்றிச் செருகி ஒரு ஊசியை வளைத்துவிட்டேன், இவர் திட்டவே இல்லை, கோவிலில் கொடுத்த குங்குமத்தை மடிப்பது போல அவ்வளவு பத்திரமாகக் குண்டூசியால் நிமிர்த்தினார். அப்புறம் யூஎஸ்பி வந்தது. அதை நான் ஒரு பக்கம் செருகுவேன், போகாது, திருப்புவேன், போகாது, மறுபடி திருப்புவேன், போகும், அதற்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். ஒரு நாள் மத்தியானம் பீரோவைத் திறந்து நெய்ல் பாலிஷை எடுத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டில் இருந்த ஒவ்வொரு தலைக்கும் மேல்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார், பின்னால் வாங்கியதற்கும் அப்படித்தான். ‘பொட்டு வச்ச பக்கம் மேலே, வசு’ என்றார். அட, இதோ ஒரு வாக்கியம், பொட்டு வச்ச பக்கம் மேலே. இதையா ரெஜினாவிடம் சொல்வது? ஒரே ஒரு நாள் சொன்னது, வாய்க்குப் பழகினது ஆகாது. வீடு முழுக்க அந்த வாசனை, பழுத்த வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் கலந்த மாதிரி, சங்கவி நாலு வயசு, தன் விரலையும் நீட்டினாள், அதற்கும் வைத்துவிட்டார். டெலிபோன் லைனில் இன்டர்நெட் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு சேர்கிற வரைக்கும் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம், சேர்ந்ததும் சங்கவி கை தட்டுவாள். இப்போது எதுவும் கத்துவதில்லை. அதெல்லாம் நல்ல நாள், அப்போது தெரியவில்லை, எனக்கு அரிசி ஊறப்போட வேண்டும், பேப்பர் திருத்த வேண்டும், எப்போது பார்த்தாலும் அடுத்த வேலை.

மூன்று இருபது. திரையில் அதே பெட்டி மறுபடியும் வந்து நிற்கிறது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா? கீழே இரண்டு பட்டன். ஆறு தடவை கேன்சல் கொடுத்துவிட்டேன், ஏழாவது தடவையும் அதே மரியாதையோடு கேட்கிறது. ஃபார்மட் செய்தால் துடைத்துப் போட்டுவிடும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம், பென் டிரைவுக்குத்தான் அப்படியோ, இதற்கு வேறேயோ, இதுவே சொல்கிறதே இதுதான் வழி என்று. நான் எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்துப் பழகினவள். இவர் தலையில் அடித்துக்கொள்வார், எது வந்தாலும் அமுக்காமல் தன்னைக் கூப்பிடச் சொல்வார், நான் அமுக்கிவிட்டுத்தான் கூப்பிடுவேன். இப்போது கூப்பிட்டால் என்ன வரும் என்று தெரியுமே. டிக், டிக். இந்தச் சத்தத்தை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன், காலையிலிருந்து யோசிக்கிறேன், ஆமாம், இவர் பேச எத்தனிக்கும்போது நாக்கு அண்ணத்தில் தட்டுமே, ட், ட், ட் என்று, பிறகு முகம் சிவந்து பொறு என்று விழும். உள்ளே எல்லாம் இருக்கிறது, தூக்கி வெளியே வைக்கத் தெம்பில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே இருப்பது வீடியோ மட்டும்தான், இரண்டாயிரத்து மூன்றில் கேமரா வாங்கியதிலிருந்து எடுத்தது, முக்கொம்பு, தரங்கம்பாடி, சங்கவி ஆண்டு விழா, எல்லாவற்றிலும் நானும் சங்கவியும்தான் இருப்போம், இவர் ஒரு படத்திலும் இருக்க மாட்டார், எடுக்கிறவர் எப்படி இருப்பார்? அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன், நாளைக்குப் பார்க்கிறவர்கள் என்னை யாருமில்லாதவள் என்று நினைப்பார்கள் என்று. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார், நான் காதில் வாங்கினதே இல்லை. இந்தப் பெட்டி போகமாட்டேன் என்கிறது. ரெஜினா வந்துவிடுவாள், அவளிடம் நான் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வேன். அமுக்கித்தான் பார்ப்போமே. திறந்தால் திறக்கட்டும்.

அம்பை நகர்த்தினேன். பின்னால் காலை இழுக்கிற சத்தம், ஸ்ஸ், டப், ஸ்ஸ், டப். ‘பொறு.’ வந்துவிட்டார், டீ நேரம். ‘அஞ்சு நிமிஷம்ங்க, போட்டுத் தர்றேன்’ என்றேன் திரும்பாமல். ‘பொறு.’ ‘சரிங்க, பாத்ரூம் போகணுமா?’ ‘பொறு!’ இப்படி ஒரு சத்தம் இந்தப் பதினோரு மாசத்தில் அவரிடமிருந்து வந்ததில்லை, வந்த வேகத்தில் இடது கை என் கை மேல் விழுந்து அதை மேசையோரத்துக்குத் தள்ளிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறு என்றால் பொறு என்றுதான் சொல்கிறார், எனக்கு அது மண்டையில் ஏறவே இவ்வளவு நேரம் ஆயிற்று. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஒயரைத் தடவிக்கொண்டே போனவர் என் பூ நூல் முடிச்சில் வந்து நின்றார், அது என்ன என்பது போலப் புருவத்தைத் தூக்கினார், எனக்கு வெட்கமாகப் போயிற்று. ‘தொங்கிட்டு இருந்துச்சுங்க, அதான் கட்டி வச்சேன்.’ முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார், நான் கத்தரிக்கோலுக்கு எழுந்தேன், பொறு என்றார், உட்கார்ந்துவிட்டேன். அறுந்தது. உபரித் தலை விடுபட்டது. அதன் ஒற்றைப் புள்ளியை என் கண்ணெதிரே காட்டினார், பிறகு லேப்டாப்பில் இருந்த தலையின் இரண்டு புள்ளியைத் தொட்டார். இது முதலில், அது பிறகு. கை தவறவில்லை, சிந்தவில்லை, பிள்ளைகளுக்கு எண் போட்டுக் கொடுப்பது போல எனக்காக எண் போட்டு வைத்திருக்கிறார், நான் கேட்டதே இல்லை. அடாப்டரிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கினார். ஜங்ஷன் பாக்ஸில் என் செல்போன் சார்ஜர் இருந்தது, அதிலிருந்து செல்போன் ஒயரை உருவிப் போட்டுவிட்டு ஒற்றைப் புள்ளித் தலையை அந்தச் சார்ஜரில் செருகினார், பொட்டு வச்ச பக்கம் மேலே. பிறகுதான் இரண்டு புள்ளித் தலை. டிக் டிக் இல்லை. உள்ளே ஒரு சின்ன மூச்சு, பிறகு சீரான ரீங்காரம். அந்தத் தலை பேச்சையெல்லாம் கொண்டுவராது, வெறும் கரண்டை மட்டும் கொடுத்துக்கொண்டு சும்மா இருக்கும், அது இல்லையென்றால் இது பேசாது. திரையில் மஞ்சள் மஞ்சளாகப் பெட்டிகள் வரிசை கட்டின, ஒவ்வொன்றிலும் தேதி, இவர் எழுத்து மாதிரியே இருந்தது.

முதலில் கைக்கு வந்ததைத் திறந்தேன். முக்கொம்பு. தண்ணீர் வெள்ளை வெளேரென்று விழுகிறது, மதகுக்கு முன்னால் நான், மாம்பழக் கலர்ச் சேலை, இவ்வளவு மெலிசாகவா இருந்தேன், சங்கவி கையில் சுண்டல் பொட்டலம், நான் யாரையோ முறைக்கிறேன், எடுக்கிறவரைத்தான். படம் ஆடுகிறது. ‘பொறு, பொறு. காத்துல முடி பறக்குது வசு. ம், இப்ப சிரி.’ அந்தக் குரல். அடுத்ததைத் திறந்தேன், தரங்கம்பாடி, கடல், பொறு பொறு, காத்துல முடி பறக்குது. அதற்கடுத்து மொட்டை மாடி, பொங்கல், அங்கேயும் பொறு, அங்கேயும் காத்துல முடி பறக்குது வசு. இத்தனை வருஷமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நான் ஒரு தடவையாவது நின்று முடியை ஒதுக்கினேனா என்றால், இல்லை, ஒவ்வொரு படத்திலும் ‘சீக்கிரம் எடுங்க’ என்று என் வாய் அசைகிறது. அவர் வாய் இலேசாகத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசுவது யார் என்று தெரிந்ததோ இல்லையோ. முக்கொம்பை மறுபடி போட்டேன். தண்ணீர், நான், சுண்டல். ‘பொறு, பொறு.’ அந்த இடத்தில் நிறுத்தினேன். வீடு அமைதியாக இருந்தது, டிஸ்க் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ‘பொறு’ என்றார் அவர். பிறகு நாக்கு தட்டிற்று, ட், ட். எனக்கு மிச்சம் தெரியும், நுனி நாக்கில் நிற்கிறது, எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன, வாய் வரைக்கும் வந்துவிட்டது, கையால் மூடிக்கொண்டேன். ட், ட், ட். முகம் சிவந்தது. வாசல் மணி அடித்தது. ‘ஆன்ட்டி!’ ‘பொறும்மா ரெஜினா’ என்று கத்தினேன், எழுந்திருக்கவில்லை. அவர் திரையில் இருந்தவளை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். ‘முடி’ என்றார். மூச்சு வாங்கிற்று. ‘முடி… பறக்குது.’ ஃபேன்கூட ஓடவில்லை, ஜன்னல் சாத்தியிருந்தது. நான் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன்.